குழிக்கு மேல் நின்ற கை

"பிள்ளைய எதுல சேத்திருக்கிய?"

ஸ்கூல் வேன் வரும் முக்கில் காலையில் நிற்கும்போது அம்மாக்கள் எங்களுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி இது. எந்தப் பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், அது யூனிஃபார்மைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நாலு மணிக்குப் பிறகு என்ன, சனிக்கிழமை என்ன என்பதுதான் விஷயம். அபாகஸ், செஸ், கீபோர்டு, வேத கணிதம், கையெழுத்து, ஹிந்தி, ரோபோட்டிக்ஸ், சிலம்பம் என்று ஆளுக்கொன்று சொல்லுவார்கள், சிலர் மூன்று கூடச் சொல்லுவார்கள். என் மகள் யூகேஜி படித்த காலத்தில் நான் மட்டும் "ஒண்ணுலயும் சேக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதெல்லாம் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய எதையோ கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் உறுத்தும். எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலாக நிற்கிற மாவட்டம் எங்கள் கன்னியாகுமரி, 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். படிப்புதான் சொத்து என்று கேட்டுக்கேட்டு வளர்ந்த ஊரில் அந்த உறுத்தல் லேசில் போகாது.

ஒன்றாம் வகுப்பில் அபாகஸில் சேர்த்தேன். மாதம் 800 ரூபாய், புத்தகத்துக்கும் பைக்கும் தனி. எந்த சென்டர் என்பது இங்கே வேண்டாம், அங்கே சொல்லிக்கொடுத்த மிஸ் நல்லவர், பிள்ளைகளிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நோட்டீஸில் நாலு வரி போட்டிருந்தது: நினைவாற்றல் கூடும், கவனம் கூடும், மூளையின் இரண்டு பக்கமும் வேலை செய்யும், எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் உயரும். அந்த நாலு வரியை நம்பித்தான் சேர்த்தேன்.

எட்டு நிமிடம், 200 கணக்கு

அபாகஸ் என்பது மணி கோர்த்த ஒரு சட்டம். ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குக்கட்டைக்கு மேலே ஒரு மணி, கீழே நாலு மணி. பெருவிரலால் கீழ்மணியை ஏற்ற வேண்டும், ஆள்காட்டி விரலால் இறக்க வேண்டும். ஆறு மாதத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் மேசைமேல் வெறும் காற்றில் விரலை ஆட்டி விடை எழுதினார்கள். முதல்தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. இப்போதும் சொல்கிறேன், அது உண்மையான திறமை, அதில் எந்த ஏமாற்றும் இல்லை. இரண்டாம் வகுப்பில் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டு நிமிடத்தில் 200 கணக்கு. மணி அடித்ததும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் விரல்கள் ஒரே நேரத்தில் ஆடத் தொடங்கின, பேச்சுச் சத்தமே இல்லை, தாள் திரும்புகிற சத்தம் மட்டும். என் மகளுக்கு ஒரு கப் கிடைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏத்தங்காய் சிப்ஸ் தின்றுகொண்டே கேட்டாள், "அம்மா, நான் தப்பாப் போட்டா எனக்கு எப்பிடித் தெரியும்?"

"மிஸ் திருத்தித் தருவாவல்லா?"

"அது மிஸ் திருத்துனா. எனக்கு எப்பிடித் தெரியும்?"

பதில் சொல்லவில்லை. பஸ் தக்கலை தாண்டியதும் அவள் தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறவள். ஷீட் எத்தனை கிலோ, ஒட்டுப்பால் எத்தனை கிலோ, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தினமும் எழுதுகிறேன். எங்காவது ஒரு எண்ணை மாற்றி எழுதிவிட்டால் சாயங்காலம் கல்லாவும் புத்தகமும் ஒத்துப்போகாது. யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. அப்புறம் ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிப் போய் நானேதான் கண்டுபிடிப்பேன். என் வேலையில் மூளை நிஜமாக ஓடுவது அந்த அரைமணி நேரத்தில்தான், கூட்டும்போது அல்ல. ஏழு வயதுப் பிள்ளை கேட்டது அதைத்தான். 200 கணக்கில் ஒன்றைக்கூட திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் ஒரு வருடத்துக்குமேல் பழக்கியிருக்கிறோம்.

அந்த வாரம் முழுக்க ராத்திரி போனில் தேடித்தேடிப் படித்தேன். நம் நாட்டிலேயே, குஜராத்தில் வதோதராவில், ஒரு பள்ளியில் 204 பிள்ளைகளை வைத்து மூன்று வருடம் பார்த்திருக்கிறார்கள், 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு மனக்கணக்கு அபாகஸ், மீதிப் பேருக்கு அதே நேரம் சாதாரணக் கணக்கில் கூடுதல் பயிற்சி. அபாகஸ் படித்தவர்கள் கூட்டல் கழித்தலில் முந்தினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நினைவுத்திறன் போன்ற அடிப்படைத் திறன்கள் அதனால் கூடவில்லை. தொடக்கத்திலேயே மனக்கண்ணில் உருவங்களை நிறுத்திவைக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் அதிகம் கிடைத்திருக்கிறது. சரியாக நின்ற ஒரே வரி நோட்டீஸில் இல்லாத வரி: கணக்கு வேகமாக வரும்.

செஸ்ஸும் அப்படித்தான். இங்கிலாந்தில் 100 பள்ளிகளில் சோதித்தார்கள், ஒரு வருடம் பள்ளி நேரத்திலேயே செஸ் சொல்லிக்கொடுத்து, அதற்கு அடுத்த வருடம் கணக்குப் பரீட்சை வைத்துப் பார்த்தால் செஸ் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வித்தியாசமில்லை. குழந்தைக்கு மொசார்ட் போட்டுக் கேட்க வைத்தால் அறிவு வளரும் என்று என் பிரசவ நேரத்தில்கூட ஒருத்தர் பாட்டு அனுப்பியிருந்தார். அதன் மூலம் 1993இல் நடந்த ஒரு சின்ன ஆய்வு, 36 கல்லூரி மாணவர்கள், பலன் நீடித்தது பத்துப் பதினைந்து நிமிடம். அதில் குழந்தைகளே கிடையாது. நடுமூளையைத் தூண்டுகிறோம், கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கினார்களே, அதைப் பற்றி என்னவென்று எழுத. நடுமூளை எல்லாருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, கண்ணை அசைப்பதற்கே அது வேண்டும். கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு வழியாகத்தான் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். எனக்கு அதில் பணத்தைவிடப் பெரிய வருத்தம், அப்பா அம்மா சந்தோஷப்படுவதற்காகப் பொய் சொல்ல அந்தச் சின்ன வயதிலேயே பழகிக்கொண்டார்களே என்பதுதான்.

இவ்வளவும் படித்த பிறகு எதிலும் சேர்க்க வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். அந்த முடிவும் நிலைக்கவில்லை.

ஓணத்துக்கு அம்மா வீட்டில்

ஓண விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். பக்கத்து வீட்டில் அத்தப்பூ போட்டிருந்தார்கள், மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. போனில் சார்ஜ் இல்லாமல் மகள் முனகிக்கொண்டிருந்தாள். அம்மா பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கினாள். பலாமரப் பலகை, என் பாட்டி காலத்தது, குழிகளின் விளிம்பு விரல் பட்டுப்பட்டு வழுவழுப்பாக இருக்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் மஞ்சாடி முத்து, ஒன்றிரண்டு நிறம் மங்கினாலும் மற்றதெல்லாம் இன்னும் ரத்தச் சிவப்பு.

எங்கள் வீட்டு விதி எளிது. குழிக்கு ஐந்து முத்து, பதினாலு குழிக்கு 70. ஒரு குழியை வாரி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், கை காலியானதும் அதற்கடுத்த குழியை வாரித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அதோடு ஆட்டம் எதிராளிக்கு. நாலு முத்து சேர்ந்தால் அது பசு. ஊருக்கு ஊர் இது மாறும். கரண்ட் வந்த பிறகும் அவர்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலையிலும் அதேதான்.

மறுநாள் நாலாவது ஆட்டமோ ஐந்தாவதோ, முதல் கை என் மகளுக்கு. அவள் கையை நீட்டி ஒரு குழிக்கு மேலே நிறுத்தினாள். எடுக்கவில்லை. பக்கத்துக் குழிக்கு நகர்த்தினாள். அங்கேயும் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் மெதுவாகக் குழி குழியாகச் சுற்றி வந்தது, உதடு அசைந்தது, திரும்ப முதல் குழிக்கு வந்து நின்றது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பயறு ஒடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த ஓரத்துக் குழிய எடு மக்களே" என்று சொல்ல வாயைத் திறந்தேன், "அந்த" என்பதுவரை வந்துவிட்டது.

அம்மா என் முட்டியில் கையை வைத்து அழுத்தினாள். "நீ சும்மா இரி. பிள்ள எண்ணுது."

மழைத்தண்ணீர் ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா மகளின் கையைக்கூடப் பார்க்கவில்லை, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை, இரண்டு நிமிடம் இருக்கும், எனக்கு அது ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. பிறகு அவள் கையை எடுத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள், "அம்மச்சி, எந்தக் குழியில தொடங்குனாலும் முதல் கையில ஏழுதான் கிடைக்கும்."

"அப்பிடியா? எனக்குத் தெரியாதே" என்றாள் அம்மா. அறுபது வருடமாக ஆடுகிறவள்.

நான் நம்பவில்லை. அன்று ராத்திரி இரண்டு பேரும் தூங்கிய பிறகு பலகையை விரித்து உட்கார்ந்தேன். ஓரத்துக் குழியில் தொடங்கினேன். ஐந்து தடவை வாரிப் போட்ட பிறகு காலிக்குழி வந்தது, தடவி எடுத்தால் ஏழு. நடுக்குழியில் தொடங்கினேன், ஏழு. ஏழு குழியிலும் தொடங்கிப் பார்த்தேன், ஏழும் ஏழு. கடைசியில்தான் ஏன் என்று எனக்கு உறைத்தது. எல்லாக் குழியிலும் ஒரே எண்ணிக்கை, பலகையோ ஒரு வட்டம், எங்கே நின்று பார்த்தாலும் அது ஒரே மாதிரிதான் தெரியும். அவள் அதை அந்த வார்த்தைகளில் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் தானும் அம்மச்சியும் வேறு வேறு குழியில் தொடங்கினாலும் ஒரே எண்ணிக்கை வருகிறது என்பதைக் கவனித்து, அடுத்த ஆட்டத்தில் எடுக்காமல் நிறுத்தி, விரலால் நடந்து பார்த்திருக்கிறாள். யாரும் கேட்காத கேள்வி, யாரும் திருத்தாத விடை. சரியா தப்பா என்று பலகையே சொல்லிவிடும்.

ஓரத்துக் குழியை எடு என்று நான் சொல்லி முடித்திருந்தால் அவள் எடுத்திருப்பாள். நல்ல பிள்ளை, சொன்னால் கேட்பாள்.

மூன்று விநாடி

ஊருக்கு வந்த பிறகு நான் கவனிக்கத் தொடங்கியது என்னையேதான். மேரி பட் ரோ என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியை, 1970களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து கேட்டிருக்கிறார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளையின் பதிலுக்குக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் வேறு பிள்ளையைக் கேட்கிறார், அல்லது தானே பதில் சொல்கிறார். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீளமாயின, வாயே திறக்காத பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள், "தெரியாது" என்பது குறைந்தது. இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கும்போது மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். "ஏழும் எட்டும் எத்தனை?" ஒன்று என்று எண்ணுவதற்குள் என் வாய் திறந்துவிடுகிறது. சாப்பாட்டு நேரம், குளிக்கிற நேரம், செருப்பு மாட்டுகிற நேரம், எல்லாவற்றிலும் அதே. நான் காத்திருக்கவே இல்லை. அபாகஸ் சென்டரைக் குற்றம் சொல்லுகிற தகுதி எனக்கு அப்போது போய்விட்டது.

அந்த மாதம் சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது எல்லாரையும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போனோம். 1966இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண். தொட்டியில் ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குப் போகிற கால்வாய்த் தண்ணீர், கீழே எட்டாத ஆழத்தில் பறளியாறு. "அம்மா, இந்தத் தண்ணி ஏன் கீழ போகாம மேல போகுது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு, "நீ என்ன நினைக்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தேன். பாலத்தின் அந்தக் கரைவரை போனோம், எல்லாரும் போட்டோ எடுத்தார்கள், ஐஸ் வாங்கினோம், திரும்பிப் பாதி தூரம் வந்தோம். அப்போது சொன்னாள், "கீழ இறங்குனா திரும்ப இந்த மலைக்கு ஏற முடியாதுல்லா, அதுனாலதான்." அரைமணி நேரம் அந்தக் கேள்வியை அவள் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

இதற்குப் பிறகுதான் திரும்ப வகுப்பு தேடினேன். என்ன வகுப்பு என்று பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே வேண்டுகோள்: ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா? இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள், அங்கே சேர்க்கவில்லை. ஓவிய வகுப்பு ஒன்றில் இருபது பிள்ளைகளும் ஒரே வீடு, ஒரே தென்னை, ஒரே சூரியன் வரைந்தார்கள், சூரியனுக்கு வேறு நிறம் பூசிய பையனின் கையிலிருந்த கிரேயானை டீச்சர் மாற்றிக்கொடுத்தார். கீபோர்டு வகுப்பில் சாவிகளில் எண் ஒட்டியிருந்தது, எண்ணைப் பார்த்து அமுக்கினால் பாட்டு வந்துவிடும், காதுக்கு வேலையில்லை. மூளை வளர்ச்சி என்று யாரும் நோட்டீஸ் அடிக்காத ஒரு சிலம்ப வகுப்பில், கோவில் பக்கத்து மைதானத்தில், ஆசான் ஒரு சுவடை, அதாவது கால் வைக்கிற வரிசையை, ஒரே ஒரு தடவை ஆடிக் காட்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். பிள்ளைகள் அதை நினைவிலிருந்து எடுத்து ஆடினார்கள், நடுவில் மறந்து நின்ற பெண்ணை அவர் அவசரப்படுத்தவில்லை, அவளாகக் காலைத் திருப்பிக் கண்டுபிடிக்கும்வரை கம்பை ஊன்றி நின்றார். அங்கே சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. மகள் வேண்டாம் என்றாள், கம்பு பயமாம். சரி, விட்டுவிட்டேன்.

அவள் கேட்டது செஸ். குகேஷ் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனதை டிவியில் பார்த்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் கணக்கில் மதிப்பெண் கூடாது என்று எனக்குத் தெரியும், அதற்காகச் சேர்க்கவும் இல்லை. நான் பார்த்த வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தவளும் தோற்றவனும் சேர்ந்து அந்தத் தாளைப் பார்த்துக் காய்களைத் திரும்ப முதலிலிருந்து வைத்து ஆடுகிறார்கள். சார் தோற்ற பையனிடம், "எங்க வச்சு கைவிட்டுப் போச்சு?" என்று கேட்டார். பையன் பலகையைப் பார்த்தான். நான் மனதுக்குள் எண்ணினேன். மூன்று, ஐந்து, ஒன்பது. பதினொன்றில் அவன் ஒரு குதிரையை எடுத்துப் பழைய கட்டத்தில் திரும்ப வைத்தான். சார் "ம்" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் என் மகள் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. அடுத்த சனிக்கிழமையே சேர்த்துவிட்டேன். அபாகஸை நாலாவது லெவலோடு அவளே நிறுத்திக்கொண்டாள். கடையில் சில்லறை வாங்கும்போது விரல் மட்டும் இன்னும் காற்றில் ஆடும், அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

வேன் முக்கில் கேட்பவர்களிடம் இப்போது செஸ் என்று சொல்கிறேன், "அப்போ நாங்களும் சேக்கலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியாமல், போய்ப் பின்னால் உட்கார்ந்து பாருங்க, பிள்ளை பேசாமல் இருக்கும்போது அங்கே இருக்கிற பெரியவர் என்ன செய்கிறார் என்று பாருங்க என்கிறேன். சிலருக்கு அது புரிகிறது, சிலர் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதுவும் கேட்க வேண்டியதுதான், சம்பளத்தில் அதுவும் ஒரு கணக்கு.

போன வாரம் திரும்ப அம்மா வீட்டுக்குப் போனோம். மகள் பலகையை எடுத்ததும் குழிக்கு ஆறு முத்து போட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். 84 முத்து சரியாக இருந்தது. ஐந்து போட்டபோது ஐந்து தடவை வார வேண்டியிருந்தது அல்லவா, ஆறு போட்டால் இரண்டே தடவையில் காலிக்குழி வந்துவிட்டது, தடவி எடுத்தால் அங்கேயும் ஏழு. அவள் நிமிர்ந்து பார்த்தாள், நான் பார்த்தேன், இரண்டு பேருக்கும் இது ஏன் என்று தெரியவில்லை. "அப்ப ஏழு ஏழாப் போட்டா?" என்றாள். அதற்கு 98 முத்து வேண்டும், பதினாலு குறைகிறது. அம்மா எழுந்துபோய்ப் புளிப்பானையைத் திறந்து, கொட்டை எடுக்காமல் கிடந்த புளியைப் பிரிக்கத் தொடங்கினாள். மகள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரலில் ஒட்டிய புளியைச் சப்பிக்கொண்டே, கொட்டைகளை ஒன்று இரண்டு என்று எண்ணி வாங்கிக்கொண்டிருந்தாள்.